மறு: ‘செக்டு ஸ்விங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

பேஸ்பால் நடுவர் விதிகளின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறேன். அடிக்க மட்டையைச் சுழற்றத் தொடங்கிவிட்டு, பாதியில் இழுத்துப் பிடிக்கப் பார்ப்பது.

நேற்று வந்த ‘நிறுத்துவீச்சு’, ‘மடக்குவீச்சு’ இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நிறுத்தினாரா இல்லையா என்பதுதானே சண்டையே! நடுவர் வாய் திறக்கும் முன் நம் சொல் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 2021 அக்டோபர் 14, சான் பிரான்சிஸ்கோ. ஜயன்ட்ஸ்–டாட்ஜர்ஸ் அணிகளின் தொடரில் ஐந்தாவது, கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 2-1 முன்னிலை. ஜயன்ட்ஸ் மட்டையாளர் வில்மர் ஃப்ளோரஸ் மட்டையை இழுத்துப் பிடித்துவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். முதல் தள நடுவர் கேப் மொராலஸ், சுழற்றிவிட்டார் என்று ஸ்ட்ரைக் கொடுத்தார். மூன்றாவது ஸ்ட்ரைக், ஃப்ளோரஸ் அவுட். ஜயன்ட்ஸின் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. அதை ‘நிறுத்துவீச்சு’ என்று எழுதினால், மொராலஸ் செய்தது தவறு என்று நானே சொன்னதாகிவிடும்.

விதிநூலும் ‘ஹாஃப் ஸ்விங்’ என்றுதான் சொல்கிறது. மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் தலைமை நடுவர் ‘பால்’ (சுழற்றவில்லை, பந்தும் எல்லைக்குள் வரவில்லை) என்று சொல்லியிருந்தால் மட்டும், தள நடுவரைக் கேளுங்கள் என்று எதிரணியின் கேட்சரோ மேலாளரோ கோரலாம். கோரினால் கேட்டே ஆக வேண்டும். வலக்கை மட்டையாளர் என்றால் முதல் தள நடுவரை, இடக்கை என்றால் மூன்றாம் தள நடுவரை. அங்கிருந்து ஸ்ட்ரைக் என்று வந்தால் அதுதான் முடிவு. தீர்ப்பே தவறு என்று மேலாளர் வாதாட முடியாது. தள நடுவரைக் கேட்கவில்லை என்று மட்டும் முறையிடலாம். முதலிலேயே ஸ்ட்ரைக் என்று சொல்லிவிட்டால் இந்தக் கோரிக்கைக்கே இடமில்லை. தீர்ப்பு பிறகுதான் வருகிறது. எனவே விதிநூலைப் போலவே நானும் ‘அரைவீச்சு’ என்கிறேன்.

> வீச்சு என்றால் கிரிக்கெட் வாசகருக்குப் பந்துவீச்சுதான் நினைவுக்கு வரும்.

வாள்வீச்சும் வீச்சரிவாளும் கிரிக்கெட்டுக்கு முந்தியவை அல்லவா, அம்மா? ‘மட்டை’ பக்கத்தில் இருந்தால் குழப்பம் வராது.

> ‘கை ஓங்கினான்’ என்கிறோம். அடித்தானா என்பது அதில் இல்லை. ‘ஓங்குமட்டை’ வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொது. தீர்ப்பும் சொல்லாது.

ஐயா, இலக்கணப்படி இதைவிட நேர்மையான சொல் கிடைக்காது. ‘ஓங்கல்’ மலையா மூங்கிலா என்று நீண்ட மடல்களையும் விரும்பிப் படித்தேன். ஆனால் ஓங்குவது சுழற்றுவதற்கு முன்னால் நடப்பது. இங்கே மட்டை ஏற்கெனவே கிளம்பிவிட்டது.

‘செக்டு ஸ்விங்’ என்றே விட்டுவிடலாம் என்ற தம்பிக்கு: ஸ்ட்ரைக்கை அப்படித்தான் விட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் மனம் வரவில்லை.

நால்வர் சரி என்றதால் ‘அரைவீச்சு’ போட்டு அனுப்புகிறேன்.

---

தம்பி,

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் எதில் அரை? 2024இல் அரிசோனா இலையுதிர்கால லீக்கில் மட்டையின் தலை 45 பாகையைத் தாண்டியதா என்று கருவியால் அளந்து பார்த்தார்கள். அந்த அளவு விதியாகிவிட்டால் ‘அரை’ பொய்யாகிவிடும். நான் சொன்ன ஓங்குமட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூங்கில் பற்றி இன்னொரு மடல் நாளை எழுதுகிறேன்.