பணவீக்கம் குறைந்துவிட்டதாம், மளிகை பில் ஏன் குறையவில்லை?

பரண்_நோட்டு:

பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் 2005-ஆம் வருட மளிகைக் கணக்கு நோட்டு கிடைத்தது. துவரம் பருப்பு கிலோ 32, பொன்னி அரிசி 17, சர்க்கரை 19 என்று எழுதியிருக்கிறார். நேற்று அதே மூன்றையும் வாங்கினேன்: பருப்பு 120, அரிசி 60, சர்க்கரை 45. இருபது வருடத்தில் விலை ஏறத்தான் செய்யும், சரி. ஆனால் பருப்பு நாலு மடங்கை நெருங்கும்போது சர்க்கரை மட்டும் ரெண்டரை மடங்குக்குள் நிற்பது எப்படி? அப்புறம், 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம் என்று செய்தியில் சொன்னார்கள். என் பில்லில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லையே. செய்தியை நம்புவதா பில்லை நம்புவதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

கணக்குப்புலி:

ரெண்டையும் நம்பலாம் நண்பரே. பணவீக்கம் என்பது விலை இல்லை, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கு. 2024 அக்டோபரில் அது 6.21 சதவீதம். அதாவது 2023-இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2024-இல் 106 ரூபாய் 21 காசு, 2025-இல் ஏறக்குறைய 106 ரூபாய் 50 காசு. ஏறியது ஏறியபடியே இருக்கிறது, மேற்கொண்டு ஏறவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, அது நாடு முழுவதற்குமான சராசரி. 2024 அக்டோபரில் காய்கறி விலை அதற்கு முந்தைய வருடத்தைவிட 42 சதவீதம் உயர்ந்திருந்தது, 2025-இல் அதிலிருந்து 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 100 ரூபாய் காய் 142 ஆகி மறுபடி 103-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மொத்த எண்ணைக் கீழே இழுத்ததில் பெரும் பங்கு இதற்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானதும் கொஞ்சம் உதவியது. 2025-இல் போட்ட அந்தப் பணவீக்கக் கணக்கில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பது 2011-12-இல் மக்கள் செலவழித்த விதத்தை வைத்துப் போட்டது. உங்கள் வீட்டுச் செலவு அப்படியேவா இருக்கும்?

சர்க்கரையில் அரசின் கை நிறைய உண்டு. எந்த ஆலை மாதம் எவ்வளவு விற்கலாம், எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்பதெல்லாம் மத்திய அரசு சொல்வதுதான். துவரை அப்படியில்லை, மழை பொய்த்தால் மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பல் வரவேண்டும்.

மூலைக்கடை:

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், விலை ஏறாமலே விலை ஏறும். 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கையில் அஞ்சு ரூபாய் நாணயம்தான் இருக்கும், பாக்கெட் ஆறு ரூபாய் ஆனால் அது வாங்காமல் போய்விடும், இது கம்பெனிக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதனால் மைதா ஏறினாலும் பாமாயில் ஏறினாலும் 5 அப்படியே இருக்கும், கிராம்தான் குறையும். முன்பெல்லாம் பாக்கெட் கையில் கெட்டியாக நிற்கும், இப்போது அடுக்கும்போது உள்ளே பிஸ்கட் ஆடுவது காதில் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்கு யார் இதைச் சொல்வார்கள்?

சோப்புக்கும் அதே பாமாயில்தான் வேண்டும். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கான இறக்குமதி வரியை மொத்தம் 27.5 சதவீதம் ஆக்கினார்கள். அதற்கப்புறம் சோப்பு விலையும் ஏறியது. 2025 மே மாதம் வரியை 16.5-க்குக் குறைத்தார்கள், சோப்பு அதே வேகத்தில் இறங்கவில்லை.

எம்ஆர்பி பக்கத்தில் கிராம் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அடுத்த தடவை வாங்கும்போது அதைப் பாருங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

தென்னந்தோப்பு:

பொள்ளாச்சிப் பக்கம். 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது எங்களைப் பார்த்து எல்லாரும் "உங்களுக்கு நல்ல காலம்" என்றார்கள். மரத்தில் காய் இருந்தால்தானே நல்ல காலம். வெள்ளை ஈ ஓலையை உறிஞ்சி, அதன்மேல் கரும்பூசணம் படிந்து, தோப்பே புகை பிடித்த மாதிரி நின்றது, இதில் வாடல் நோய் வேறு. காய் குறைந்ததால்தான் விலையே ஏறியது. உரம், மரம் ஏறுகிறவர் கூலி, எல்லாம் எங்களுக்கும் ஏறியிருக்கிறது. வாங்குகிறவருக்கு வலிக்கிறது என்றால் விற்கிறவர் சம்பாதிக்கிறார் என்று அர்த்தமில்லை, இதை மட்டும் மனதில் வையுங்கள்.

மூலைக்கடை:

உண்மை அண்ணே. அந்த மாதங்களில் அரை லிட்டர் வாங்கிய வீடுகள் நூறு மில்லி பாட்டிலுக்கு வந்துவிட்டன. அப்படி வாங்கும்போது லிட்டர் கணக்கில் இன்னும் கூடத்தான் ஆகிறது, கையில் இருக்கும் பணத்துக்கு அதுதான் முடியும்.

பரண்_நோட்டு:

எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பருப்பு வருடத்துக்கு ஏறக்குறைய 7 சதவீதம், அரிசி ஆறரை, சர்க்கரை நாலரைக்குக் கொஞ்சம் கீழே. பால் கணக்கையும் பார்த்தேன், அங்கேயும் இதே கதைதான்: 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர் 24-லிருந்து 30 ஆனது, நீல பாக்கெட் 20-லேயே இருந்தது. ஒரே தெருவில் ஆரஞ்சு வாங்குகிற வீட்டுக்கு ஒரு பணவீக்கம், நீலம் வாங்குகிற வீட்டுக்கு வேறொன்று. எங்கள் வீட்டில் தேங்காய் இல்லாமல் சமையல் கிடையாது, ஆகவே கணக்குப்புலி சொன்ன சராசரி எங்களுக்கு ஒத்துவராதது இப்போது புரிகிறது.

தென்னந்தோப்பு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நோட்டில் தேங்காயைத் தேடினேன். ஒரு பக்கத்தில் "தேங்காய் 2 - 10 ரூ." என்று எழுதி, பக்கத்திலேயே பென்சிலில் "ரொம்ப அதிகம், அடுத்த வாரம் ஒன்று போதும்" என்று அம்மா குறித்து வைத்திருக்கிறார்.