கிரீஸ் அடிச்சும் பிக்கப்பில் 'டக்' சத்தம் நிக்கல

மண்டபம்:
மீன் ஏத்துற டீசல் பிக்கப், பின்சக்கர டிரைவ். ஃபர்ஸ்டில் கிளட்ச் விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் கீழே 'டக்'னு அடிக்குது. மெதுவா உருட்டினா 'கீச் கீச்'. புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோற தண்டு) மூட்டில் இருக்கிற கிராஸுக்கு கிரீஸ் அடிச்சா ரெண்டு நாள் அடங்குது, திரும்ப வருது. இன்ஜின் ஆயிலும் மாத்தணும். எங்கே ஆரம்பிக்கிறது அண்ணே?

தொண்டி:
தம்பி, கிரீஸ் அடிச்சப்ப கிராஸோட நாலு முனையில் இருக்கிற பேரிங் கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே வந்துச்சா? அதை முதல்ல பாருங்க. ஒண்ணுல வரலைன்னா அந்தக் கப் காய்ஞ்சே ஓடுதுன்னு அர்த்தம்.

முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க. நியூட்ரலில் வச்சு, ஷாஃப்டையும் அதை போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளாஞ்சையும் எதிரெதிரா முறுக்கிப் பாருங்க. கிராஸில் ஆட்டம் இருந்தா எவ்வளவு கிரீஸ் அடிச்சும் பிரயோஜனமில்ல.

மண்டபம்:
பின் கிராஸில் ஒரு கப்பில் வரல அண்ணே. ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி சிவப்பா ஒட்டியிருக்கு. லேசா ஆட்டமும் இருக்கு.

தொண்டி:
அப்ப கிராஸ் போச்சு. ஊசி பேரிங் துருப்பிடிச்சு அரைபட்ட தூள் அது. ஐஸ் பெட்டியில இருந்து வடியிற உப்புத்தண்ணி ஷாஃப்ட் மேலேயே விழுந்து, சீல் வழியா இறங்கி கிரீஸைக் கழுவிடும்.

கழட்டும் முன்னாடி ஃபிளாஞ்சிலும் ஸ்லிப் ஜாயிண்டோட (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடுற பல் இணைப்பு) ரெண்டு பாதியிலும் கோடு போட்டுக்கோங்க. ஸ்லிப் ஜாயிண்ட் பல் மாறி உட்கார்ந்தா வேகத்தில் வண்டி அதிரும். புதுக் கப்பை இறக்கும்போது ஒரு ஊசி சாய்ஞ்சாலும் கப் முழுசா இறங்காது, லாக் வளையம் காடியில் விழாது. சுத்தியலால் பலவந்தம் பண்ணாம, கப்பை எடுத்து ஊசியை நிமிர்த்தி வைங்க.

லித்தியம் காம்ப்ளெக்ஸ், என்எல்ஜிஐ 2 கெட்டித்தன்மை உள்ள கிரீஸ் போதும். கால்சியம் சல்ஃபோனேட் கிடைச்சா உப்புத்தண்ணிக்கு இன்னும் தாங்கும். ஆனா பழசோட கலக்க வேண்டாம். ஸ்லிப் ஜாயிண்டில் சீல் ஓரம் கிரீஸ் தெரிஞ்சதும் நிறுத்துங்க. ரொம்ப அடைச்சா ஷாஃப்ட் சுருங்க இடமில்லாம பேரிங்கைத் தள்ளும். ஷாஃப்டை நடுவில் தாங்குற சென்டர் பேரிங்கில் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் இல்லேன்னா அதைத் தொடாதீங்க.

கீழக்கரை:
அடியில இருக்கும்போதே பின் ஆக்சில் (டிஃபரன்ஷியல்) ஹவுசிங் மேல காத்து போய்வர இருக்கிற பிரீதரையும் பாருங்க. உப்பும் மண்ணும் அடைச்சா, சூடான ஹவுசிங் ஆறும்போது சீல் வழியா தண்ணியை உறிஞ்சிடும். ஹவுசிங்கில் இருக்கிற கியர் ஆயில் வெளுத்துப் பால் பாரிச்சிருந்தா உடனே மாத்துங்க. முதல்ல ஆயில் ஊத்துற மேல் போல்ட்டைக் கழட்டுங்க. அது துருவில் வராம, கீழ் போல்ட்டைத் திறந்து ஆயிலை இறக்கிட்டா வண்டி அங்கேயே நிக்கும். பெரும்பாலும் 80டபிள்யூ-90 தடிமன், ஜிஎல்-5 தர கியர் ஆயில்தான், துளை ஓரம் வழியிற வரை ஊத்தணும். அதையே கியர்பாக்ஸில் ஊத்திடாதீங்க. ஜிஎல்-4 கேக்கிற பெட்டியில் கியர் மாத்த உதவுற பித்தளை சின்க்ரோ வளையம் கெட்டுப்போகலாம்.

இன்ஜின் ஆயில் சுலபம். லேசா சூடாக்கி இறக்குங்க. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கான்னு தடவிப் பாருங்க. அது மேலேயே புதுசைப் போட்டா ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் பீச்சும். புது வளையத்தில் ஆயில் தடவி, ஃபில்டர் உட்கார்ந்த பிறகு கையால முக்கால் சுத்து. புக்கில் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைச்சு ஊத்தி, ஒரு நிமிஷம் ஓட்டி, பத்து நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்க.

தொண்டி:
ஐஸ் பெட்டி வடிகாலுக்கு ஒரு குழாய் மாட்டி, ஷாஃப்டைத் தாண்டி ஓரமா விடுங்க தம்பி. வண்டியை நல்லதண்ணியில கழுவுங்க, ஆனா பிரஷர் கன்னை கப் மேல காட்டாதீங்க. கிரீஸ் எப்பவும் கழுவின பிறகுதான் அடிக்கணும், உள்ளே புகுந்த தண்ணியை அது வெளியே தள்ளிடும்.