கிரிஸ்டல் ரெட் இறால்கள் ஓடு உரிக்கும்போது இறக்கின்றன: எங்கே பிழை?

கேள்வி: ஜாவா பாசி

வணக்கம். சென்னையில் மாடி வீட்டில் 40 லிட்டர் தொட்டி ஒன்றில் கடந்த நவம்பரிலிருந்து கிரிஸ்டல் ரெட் இறால்களை வளர்த்து வருகிறேன். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைக் குறைக்கும் மண், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், பாசி, காய்ந்த பாதாம் இலை ஆகியவை தவிர உள்ளே வேறெதுவும் இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் இறாலுக்கான தாது உப்பைக் கலந்து, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 120 காட்டிய பிறகே ஊற்றுகிறேன். ஜனவரியில் இரண்டு பெண் இறால்கள் முட்டை சுமந்தன. ஏறக்குறைய ஒரு மாதத்தில், எறும்பைவிடச் சிறிய குஞ்சுகள் சிவப்பும் வெள்ளையுமாகப் பாசியின் மேல் ஊர்ந்ததைப் பார்த்து வீடே மகிழ்ந்தது.

மார்ச் நடுவில் வெயில் ஏறியதும் தொட்டியின் மேல் சிறு மின்விசிறி பொருத்தினேன். நீரின் வெப்பம் 31 டிகிரியிலிருந்து 28க்கு இறங்கியது. ஆனால் ஏப்ரல் பிறந்ததிலிருந்து ஒன்பது பெரிய இறால்கள் இறந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் தலை ஓடும் உடலும் சேருமிடத்தில் வெள்ளை வளையம் தெரிந்தது. குஞ்சுகள் கலங்கிவிடுமோ என்றஞ்சி, பிப்ரவரிக்குப் பிறகு தண்ணீர் மாற்றவில்லை. வற்றுவதை ஈடுகட்ட நாள்தோறும் ஒரு லிட்டர் அதே 120 தண்ணீரை ஊற்றி வருகிறேன். நான் செய்யும் தவறு எது என்று சொல்லுங்கள்.

மறுமொழி: பழைய தொட்டிக்காரன்

தம்பி, ஊற்றும் தண்ணீரை அளந்திருக்கிறீர்கள். தொட்டியில் இருக்கும் தண்ணீரை அளந்தீர்களா? ஆவியாகிப் போவது வெறும் நீர்தான். தாது உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வற்றி, அதே அளவு 120 தண்ணீரை ஊற்றினால், 40 லிட்டர் தொட்டியில் டி.டி.எஸ். தினமும் 3 கூடும். ஆறு வாரத்தில் இந்தக் கூடுதல் மட்டும் 126. மின்விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது என்பதால், வெப்பத்தைக் குறைத்த அதே கருவிதான் உப்பையும் ஏற்றியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளை வளையம் ஓடு உரிப்பதில் ஏற்பட்ட கோளாறின் அடையாளம். இயல்பாக, பழைய ஓடு முதுகுப்புறத்தில் மட்டும் பிளந்து, இறால் அந்தப் பிளவின் வழியாக ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். பிளவு உடலைச் சுற்றி வளையமாக ஓடிவிட்டால், உந்தி வெளியேறப் பிடிமானம் கிடைக்காமல் இறால் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நீரின் கடினத்தன்மை மாறும்போது இதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

மறுமொழி: ஜாவா பாசி

ஐயா, இப்போதுதான் அளந்தேன். 258 காட்டுகிறது. இவ்வளவு நாள் வாளியில் மட்டுமே மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்றே பாதித் தண்ணீரை மாற்றிவிடட்டுமா? முட்டை சுமக்கும் பெண் இறால் ஒன்று இன்னும் இருக்கிறது. அதைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டுமா?

மறுமொழி: ஈரநிலம்

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காற்று பம்பு படுக்கையறையில் இருந்து, அங்கேயே இரவில் திரவக் கொசுவிரட்டி எரிகிறதா? அதிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் இறால் இனத்துக்குக் கொடிய நஞ்சு. பம்பு அறைக் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துகிறது. நான் ஒரு மழைக்காலத்தில் முழுத் தொட்டியையும் இப்படித்தான் இழந்தேன். இறால்கள் பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொண்டிருந்த அந்தக் காலையை இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் இறால்களிடம் வளையம் தெரிவதால் காரணம் வேறு என்றே நினைக்கிறேன், ஆயினும் கொசுவலைக்கு மாறிவிடுங்கள்.

மறுமொழி: பழைய தொட்டிக்காரன்

பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதீர்கள். திடீர் மாற்றமே ஓட்டை முன்கூட்டி உரிக்கத் தூண்டும். இனி வற்றுவதற்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அதோடு நாள்தோறும் ஒரு லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகவும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 150க்கு வந்ததும், வாரம் பத்தில் ஒரு பங்கு 120 தண்ணீரால் மாற்றும் வழக்கத்துக்குத் திரும்பலாம்.

முட்டை சுமக்கும் இறாலைத் தொடவே வேண்டாம். வலையில் பிடித்தால் முட்டையை உதறிவிடக்கூடும். இவ்வினத்தின் குஞ்சுகள் அமானோ இறாலின் குஞ்சுகளைப் போல உப்பு நீர் தேடும் லார்வாக்கள் அல்ல. தாயின் உருவிலேயே வெளிவந்து, அந்தத் தொட்டியின் இலைகளில் படிந்த வழவழப்பான படலத்தைத் தின்றுதான் பிழைக்கின்றன. கழுவி வைத்த புதுத் தொட்டியில் அது இருக்காது.

வெப்பத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இவை 20 முதல் 24 டிகிரியில் செழிப்பவை. 28 டிகிரியில் உயிர் தாங்கினாலும் இனப்பெருக்கம் தளரும். சென்னையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க முடியாவிட்டால், அடுத்த தொட்டிக்குச் சுலவேசித் தீவின் மாத்தானோ ஏரியைச் சேர்ந்த கார்டினல் இறாலைக் கருதுங்கள். சிவப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட அதற்கு 27 முதல் 30 டிகிரி வெப்பமும் பி.எச். 8ஐ ஒட்டிய நீரும் தேவை; எனவே இப்போதுள்ள மண் அதற்கு ஆகாது. அந்த ஏரியில் விடப்பட்ட ஃப்ளவர்ஹார்ன் மீன்கள் அங்குள்ள உயிர்களைத் தின்று பெருகிவிட்டன. ஆகவே தொட்டியில் பிறந்தவை என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள். நாளை காலை மீட்டர் காட்டும் எண்ணை இங்கே எழுதுங்கள்.