வெள்ளாற்று முகத்துவாரத்து மண்ணில் உப்பு எவ்வளவு என்று கணிக்க முடியுமா?

ஆத்தூர்க்காரி:

வணக்கம். சேலத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொண்டது பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து உவர் சதுப்பு. கடலே இல்லாத ஊரிலிருந்து அங்கே உனக்கென்ன வேலை என்று வீட்டில் தொடங்கி எல்லோரும் கேட்டாகிவிட்டது, நீங்களும் கேட்க வேண்டாம்.

மே மாதம் இரண்டு தடவை போய், மூன்று ஓடைகளை ஒட்டி 52 இடத்தில் மேல் 15 செ.மீ. மண் எடுத்தேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில் காயவைத்து, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, பேனா மாதிரி இருக்குமே அந்த ஈசி மீட்டரால் (கரைந்த உப்பை மின்கடத்தலை வைத்துச் சொல்லும்) அளந்தேன். அப்புறம் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம், என்டிவிஐ என்ற பசுமை அளவு, விண்கலத்திலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் தரை உயரம், ஓடையிலிருந்து தூரம் எல்லாம் கொடுத்து, உப்பைக் கணிக்க ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி மாடலை ஓட்டினேன். புள்ளிகளைக் கலைத்துப் பத்தாகப் பிரித்துச் சரிபார்த்ததில் ஆர்-ஸ்கொயர் 0.81 (1 வந்தால் கணிப்பு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது என்று அர்த்தம்). கைடுக்கு ஒரே சந்தோஷம்.

நவம்பர் கடைசியில் நான்காவது ஓடைக்குப் போய் 12 இடத்தில் அளந்தால் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. உப்பு பூத்துக் கிடக்கும் என்று மாடல் சொன்ன வெட்டவெளித் திட்டில் மீட்டர் காட்டியது 1.6 தான். உமரிச் செடி பச்சைப்பசேல் என்று இருந்த பள்ளத்தில் குறைவு என்றது, அங்கே 5க்கு மேல். இன்னும் புள்ளிகள் வேண்டுமா, வேறு அல்காரிதமா? அட்டவணையை இணைத்திருக்கிறேன். பிப்ரவரியில் சமர்ப்பிக்க வேண்டும்.

ஐந்துரோடு:

எக்ஸ்ஜிபூஸ்ட் அல்காரிதம் போட்டுப் பாருங்க. எனக்கு எப்பவும் அதுதான் கைகொடுத்தது.

பழைய ஆய்வகம்:

அல்காரிதத்தை விடு கண்ணு, முதலில் அட்டவணையைப் பார். ஏழு இடத்தில் 9.99 என்று இருக்கிறது. ஏழு இடத்து மண்ணும் பேசிவைத்த மாதிரி ஒரே உப்பா இருக்கும்? அது மண்ணின் அளவு இல்லை, உன் மீட்டரின் உச்சி. அந்தப் பேனா மீட்டர் அதற்கு மேல் காட்டாது. அந்த ஏழில் ஒன்று 11 ஆக இருக்கலாம், இன்னொன்று 18 ஆக இருக்கலாம், உன் மாடலுக்கு எல்லாம் ஒன்றுதான். மீதி மண் கவரில் இருந்தால் மறுபடி கலக்கி, மேலே தெளிந்த நீரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு வாலை வடிநீர் ஊற்றி அளந்து நாலால் பெருக்கு. துல்லியமாக வராது, ஆனால் 9.99ஐ விட நூறு மடங்கு தேவலை.

மண் பரிசோதனையில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் இன்னும் இரண்டு சொல்கிறேன். ஒன்று, ஒன்றுக்கு ஐந்து கலவையில் வரும் எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது. மணலையும் களியையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் 4 என்று வந்தால், செடியின் வேர் படும் உப்பு மணலில்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏனென்றால் மணல் பிடித்து வைக்கும் தண்ணீர் கொஞ்சம், அதே உப்பு அந்தக் கொஞ்சத்தில் கரைந்து நிற்கிறது. மண் நயத்தை, அதாவது மணலா களியா என்பதை, குறித்தாயா? பட்டியலில் காணோம். இரண்டு, கறுப்பாக, அழுகிய முட்டை வாசம் அடிக்கும் சேற்றை மாடியில் நாள்கணக்கில் காயவைத்தால் அதிலுள்ள கந்தகம் காற்றுபட்டு அமிலமாக மாறி, இல்லாத உப்பைக் கூட்டிக் காட்டும். அந்த மண்ணை ஈரத்தோடே அளக்க வேண்டும்.

ஆமாம், ஐந்து பங்கு தண்ணீர் என்றாயே, எந்தத் தண்ணீர்? ஹாஸ்டல் போர்வெல் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஆத்தூர்க்காரி:

இல்லை ஐயா, பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர்தான். 9.99ஐ நானும் கவனிக்கவில்லை, கைடும் கவனிக்கவில்லை. மண் பத்திரமாக இருக்கிறது. நயம் குறிக்கவில்லை, நாளைக்கே ஒவ்வொன்றையும் நனைத்து உருட்டிப் பார்த்துக் குறிக்கிறேன்.

மூடுபனி:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். முன்பு கொஞ்ச காலம் கடலோரத்தில் வேலை பார்த்தவன். ஐயா சொன்னது அளவில் வந்த பிழை. அதைத் திருத்தினாலும் உங்கள் மாடல் நவம்பரில் தோற்கத்தான் செய்யும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது மே மாதம் மட்டும்.

அந்தச் சதுப்பில் உப்பு என்பது இடத்தின் குணம் இல்லை. கடைசியாக அங்கே எந்தத் தண்ணீர் வந்தது, வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். தினமும் ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், ஏறும் தாழ்வான இடம் உப்பாக இருக்கும், ஆனால் ஓடைத் தண்ணீரை ரொம்பத் தாண்டாது, வந்த தண்ணீரே மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். பௌர்ணமி, அமாவாசைக்கு மட்டும் நனையும் மேட்டில்தான் வம்பு. தண்ணீர் ஏறித் தேங்கும், அடுத்த ஓதம் வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு நாள் வெயில், உப்பு மட்டும் தங்கும். உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வது அங்கே தானாக நடக்கிறது. அதற்கும் மேலே ஓதமே எட்டாத மேட்டில் மழை கழுவிவிடும். ஆக உயரம் கூடக்கூட உப்பு ஏறி, ஓர் இடத்தில் உச்சம் தொட்டு, இறங்கும். மே மாதம் அந்த உச்சி உயர்ந்து நிற்கும், வடகிழக்குப் பருவமழை இரண்டு தடவை அடித்தால் கரைந்துவிடும். உங்கள் 1.6 திட்டு அதுதான், மணலாகவும் இருந்திருக்கும்.

எஸ்ஆர்டிஎம்மை எடுத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டு எடுத்தது, 30 மீட்டர் கட்டம், உயரத்தில் சில மீட்டர் முன்பின் இருக்கும், சுரபுன்னை இருக்கும் இடத்தில் மரத்தின் தலையைத் தரை என்று சொல்லும். அங்கே ஏற்றவற்றமே ஒரு மீட்டர் சுற்றித்தான். நம்ம மலையில் வேண்டுமானால் அதை நம்பலாம். என்டிவிஐயும் அப்படித்தான். ஆத்தூர் வயலில் உப்பு கூடினால் பயிர் மஞ்சளாகும், அங்கே உமரிக்கு உப்புதான் சோறு.

இன்னொன்று. பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளாறு தொடங்குவது நம்ம சேர்வராயன் மலையில், உங்கள் ஊர் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் அதில்தான் போய்ச் சேர்கின்றன. கொள்ளிடத்தில் பாய்வது மேட்டூர் அணையின் உபரி. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அப்படி ஒரு வெள்ளம் வந்தால் பரங்கிப்பேட்டையில் ஒரு தூறல்கூட இல்லாமலே தெற்குப் பக்கத்து ஓடைகளில் நல்ல தண்ணீர் நிற்கும். அதனால் உள்ளூர் மழையோடு மேட்டூர் திறப்பும் உங்கள் அட்டவணையில் ஒரு பத்தியாக இருக்கட்டும், ஆனால் ஓதம் எட்டும் புள்ளிகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். வீட்டில் மறுபடி கேட்டால், அங்கே போகும் இரண்டு தண்ணீருமே சேலம் மாவட்டத்தைத் தொட்டுத்தான் போகிறது என்று சொல்லுங்கள்.

0.81 வந்த காரணம் சாதாரணம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் ஒன்று படிக்க, இன்னொன்று பரீட்சைக்கு. காப்பி அடித்த மாதிரிதான். ஓர் ஓடையை முழுசாக ஒதுக்கிவைத்து மற்ற இரண்டில் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். எண் விழும், அந்த எண்ணையே எழுதுங்கள்.

ஆத்தூர்க்காரி:

அண்ணா, ஓடையை ஒதுக்கி ஓட்டினேன், 0.22. அழுகையே வந்துவிட்டது. ஏழு மண்ணையும் மறுபடி அளந்ததில் ஒன்று 14 வரை போகிறது ஐயா. பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவை போக முடியும். எஸ்ஆர்டிஎம் வேண்டாம் என்றால் உயரத்துக்கு என்ன செய்வது? உயரத்தைத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவியை வாடகைக்கு எடுக்க என்னிடம் காசு இல்லை.

பழைய ஆய்வகம்:

கொத்தனார் டியூப் மட்டம் போதும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கு ஒரு முனை பிடித்தால் இருபது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். ஒவ்வோர் ஓடையிலும் ஒரு குச்சி நட்டு, அமாவாசை ஓதம் எங்கே வந்து நிற்கிறது என்று குறித்து, அங்கிருந்து அளந்துகொண்டு போ. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று உனக்குத் தேவையே இல்லை, ஓதத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் வேண்டும்.

ஐந்துரோடு:

எக்ஸ்ஜிபூஸ்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டியூப் செவ்வாய்ப்பேட்டையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், 25 மீட்டராக வாங்குங்கள். நிரப்பும்போது உள்ளே குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டு மாடித் தரை சாய்ந்தது அதனால்தான்.