சுன் லியை விடலாமா, வேண்டாமா?

குர்பீப்_மழை · வெள்ளி, இரவு 8:15

ஏழு மாதமாக ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேமில் சுன் லியைத் தவிர வேறு ஆளைத் தொட்டதில்லை. மூன்று மாதத்தில் கோல்டு ரேங்க் வந்தேன். அடுத்த நான்கு மாதமும் கோல்டிலேயே கிடக்கிறேன். சின்ன வயதில் மாமா வீட்டுப் பழைய கன்சோலில் நான் முதலில் எடுத்த ஆள் அவள்தான், விட மனமில்லை. ஆனால் போன மாதம் கேம் வாங்கிய வகுப்பு நண்பன் மாடர்ன் கண்ட்ரோலில் (சிறப்பு அடியை ஒரே பட்டனில் போடும் எளிய முறை) கென் என்ற ஆளை வைத்து ஆடி, என்னைத் தாண்டிப் பிளாட்டினம் போய்விட்டான்.

நான் தோற்பது பெரும்பாலும் இரண்டு விஷயத்தில். ஒன்று, குதித்து வந்து அடிக்கிறார்கள். இரண்டு, டிரைவ் இம்பாக்ட் (அடியைத் தாங்கிக்கொண்டே பாயும் பலத்த அடி) போட்டு என்னைச் சுவரில் மோத விடுகிறார்கள். பரீட்சை முடிந்து லீவு தொடங்கிவிட்டது. இந்த நேரத்தை யாருக்குச் செலவழிப்பது? ஆளை மாற்றினால் இது தீருமா?

ரோஸ்ஹில்_பழசு · வெள்ளி, இரவு 9:02

மாற்றாதே தம்பி. நீ சொன்ன இரண்டுமே சுன் லியின் குறை இல்லை. குதிப்பவனைக் காற்றிலேயே உதைத்துத் தள்ள அவளிடம் அடி இருக்கிறது. டிரைவ் இம்பாக்ட் வந்தால் திருப்பி டிரைவ் இம்பாக்ட் போட எல்லா ஆளுக்கும் ஒரே பட்டன்தான். கென்னை எடுத்தால் இன்னும் கொஞ்சம் உயரத்தில் போய் இதே இரண்டில் தோற்பாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

2014-இல் எவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் பிரான்சின் லஃபி, ரோஸ் என்ற ஆளை வைத்துக்கொண்டு ஜெயித்தார். அந்த ஆளைப் பெரிய ஆட்டக்காரர்களில் மிகச் சிலரே நம்பி எடுத்தார்கள். கையில் இருந்தது பழைய முதல் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர். 2017 கேப்காம் கப் போட்டியில் டொமினிக்கன் குடியரசின் மேனாஆர்டி, பெர்டி என்ற ஆளை வைத்து ஜப்பான் ஆட்டக்காரர் டோக்கிடோவின் அக்குமாவை வீழ்த்தினார். அவரும் மொரீஷியஸில் இருக்கும் நம்மைப்போல் ஒரு தீவுக்காரர்தான். ஆள் முக்கியம் என்றால் இந்த இரண்டும் நடந்திருக்கக் கூடாது.

நாங்கள் கற்ற காலத்தில் கடைக்கு ஒரு மெஷின். தோற்றால் எழுந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அங்கே நிற்கும்போது கேள்வி ஒன்றுதான்: "எதில் அடி வாங்கினேன்?" ஆளை மாற்றுவது அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கும் வழி.

எபேன்_கேபிள் · வெள்ளி, இரவு 10:30

அண்ணா, உங்கள் மெஷினில் இரண்டு பேரும் ஒரே பலகையில் தோளோடு தோள் நின்று ஆடினீர்கள். இந்தத் தம்பி ஆடுவது கடலுக்கு அடியில் போகும் கேபிள் வழியாக. அதைக் கணக்கில் எடுக்காமல் ஆள் முக்கியமில்லை என்று சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் (திரைப் படம்), ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போர்ட் லூயியிலிருந்து டர்பன் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய் வர 29 மில்லிசெகண்ட், அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஃப்ரேம். இது ரூட்டரும் வளைவும் இல்லாத கனவுக் கணக்கு. எனக்குப் பிங் (செய்தி போய் வரும் நேரம்) தென்னாப்பிரிக்காவோடு 60, 70 மில்லிசெகண்ட் வருகிறது, ஐரோப்பாவோடு 200-ஐத் தொடுகிறது. இரவு பதினொன்றுக்கு மேல் நமக்கு அதிகம் மாட்டுவது ஐரோப்பியர்கள்தான்.

இப்போது டிரைவ் இம்பாக்டுக்கு வருவோம். அது வந்து விழ 26 ஃப்ரேம் ஆகிறது. ரோல்பேக் முறையில், எதிரியின் பட்டன் செய்தி வந்து சேரும்வரை அவன் முன்பு செய்ததையே செய்கிறான் என்று கேம் ஊகித்து ஓட்டும். செய்தி வந்ததும் சரிசெய்து ஒரேயடியாகத் தாவும். பிங் 200 என்றால் ஒரு பக்கப் பயணம் ஆறு ஃப்ரேம். அந்த முதல் ஆறு உன் கண்ணுக்கே வராது. மிச்சம் 20. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதனுக்குப் பதினைந்து ஃப்ரேம் வேண்டும்.

தூரத்தில் நின்று, எதிரி வீணாக நீட்டிய அடியைப் பார்த்துத் தண்டிப்பதுதான் சுன் லியின் பிழைப்பு. அதைத்தான் லாக் (இணையத் தாமதம்) முதலில் தின்கிறது. ஸாங்கீஃப் மாதிரிப் பிடித்து எறியும் ஆளுக்கு இந்தக் கவலை பாதிதான். பக்கத்தில் போய்விட்டால் பிறகு நடப்பது ஊக விளையாட்டு. சாதாரண த்ரோவே 5 ஃப்ரேமில் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாலும் பார்த்துத் தப்பிக்க முடியாது, ஊகிக்கத்தான் வேண்டும். ஆகவே தம்பி, நம் தீவில் இருந்துகொண்டு ஆன்லைனில் மேலே போக வேண்டுமென்றால் ஊகிக்க வைக்கும் ஆளை எடு.

ரோஸ்ஹில்_பழசு · வெள்ளி, இரவு 11:10

உங்கள் கணக்குப்படியே 20-இல் 15 போனால் 5 மிச்சம். ஆக, முடியும். இவனால் முடியாததற்குக் காரணம் கடல் இல்லை. கண் எங்கே இருக்கிறது என்பதுதான். தம்பி, தோற்ற மேட்ச் ஐந்தின் ரீப்ளே எண்ணைப் போடு. பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

கத்ர்போர்ன்_நிலா · சனி, காலை 6:50

நண்பன் மாடர்னில் ஏறிவிட்டான் என்றதும் இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, கவனித்தீர்களா? நான் மாடர்ன்தான் ஆடுகிறேன். பிளாட்டினத்துக்கு மேலே, டயமண்டில் இருக்கிறேன். ஷிஃப்ட் வேலை முடிந்து வந்தால் எனக்கு ஒரு நாளில் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் கையால் அரைவட்டம் போடப் பழகுவதா, எதிரி என்ன நினைக்கிறான் என்று பழகுவதா?

அப்புறம் ஒன்று தம்பி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ஒவ்வொரு ஆளுக்கும் ரேங்க் தனி. கென்னை எடுத்துப் பார்த்தால் சுன் லியின் கோல்டு எங்கும் போகாது. கல்யாணம் மாதிரி யோசிக்கத் தேவையில்லை.

ரோஸ்ஹில்_பழசு · சனி, காலை 9:20

நிலா, மாடர்னைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரே பட்டனில் சிறப்பு அடி போட்டால் அதன் பலம் 20 சதவீதம் குறைகிறது, சில சாதாரண அடிகள் அடியோடு இல்லை. ஏழு மாதம் கையைப் பழக்கிய பையன் அதை ஏன் கீழே போட வேண்டும்?

கத்ர்போர்ன்_நிலா · சனி, காலை 9:41

20 சதவீதம் குறைந்த அடி எதிரிமேல் பட்டால் 80 சதவீதம். முழுப் பலமுள்ள அடி வராமலே போனால் பூஜ்யம். குதித்து வருகிறவனைப் பார்த்ததும் கை தடுமாறுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வேண்டுமானால் மாடர்னிலும் அசைவைக் கையால் முழுதாகப் போட்டு முழுப் பலத்தை எடுக்கலாம். காம்போவுக்கு (தொடர் அடிக்கு) கை, அவசரத்துக்குப் பட்டன். நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

குர்பீப்_மழை · சனி, பகல் 12:05

அக்கா, இது எனக்குத் தெரியாது. நன்றி. அண்ணா, ஐந்து ரீப்ளே எண்ணையும் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

ரோஸ்ஹில்_பழசு · சனி, இரவு 7:45

ஐந்தையும் இரண்டு தடவை பார்த்தேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதிரிகள் மொத்தம் 31 முறை குதித்திருக்கிறார்கள். அதில் நீ காற்றில் அடித்தது 4. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாவது ரீப்ளேயின் இரண்டாம் ரவுண்ட். எதிரியின் ஆள் லூக் நடுத்திரையில் நிற்கிறான். நீ பின்னால் பிடித்துக் காத்திருந்து கிகோகென் (பறந்து போகும் சக்திப் பந்து) விடுகிறாய். விட்ட உடனே அடுத்ததற்காகக் கை மறுபடி பின்னால் போகிறது. மறுபடி கிகோகென். மறுபடி. ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒன்று, தாளம் தப்பவில்லை. நான்காவது வருவதற்கு முன்பே அவன் கால் தரையை விட்டுவிட்டது. உன்னைப் பார்த்து அவன் குதிக்கவில்லை, உன் தாளத்தைக் கேட்டுக் குதித்தான்.

டிரைவ் இம்பாக்டும் அப்படியே. உன் முதுகுக்குப் பின்னால் சுவர் வந்ததும் நீ ஒரே வரிசையில் மூன்று அடி அடிக்கிறாய்: நடு உதை, நடு உதை, குத்து. இரண்டு அடியைத் தாங்கிக்கொண்டு வருவதுதான் டிரைவ் இம்பாக்டின் வேலையே. மூன்றாவதை நீ ஆரம்பிக்கும்போது அவன் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டான். இதில் கேபிளுக்கு என்ன பங்கு?

செய்ய வேண்டியது ஒன்று சொல்கிறேன். ட்ரெயினிங் மோடில் பொம்மைக்கு மூன்று செயலைப் பதிவு செய்: குதித்து உதைப்பது, டிரைவ் இம்பாக்ட், சும்மா முன்னால் நடப்பது. மூன்றும் மாறி மாறி வரும்படி வை. நீ கிகோகென் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் தாளத்தை மாற்று. குதித்தால் மேலே உதை, இம்பாக்ட் வந்தால் இம்பாக்ட், நடந்தால் ஒன்றும் செய்யாதே. அந்த ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம். குதிப்பதை மட்டும் வைத்துப் பழகினால் எது வருமென்று கைக்கு முன்பே தெரிந்துவிடும், அது பழக்கமே இல்லை. தினம் பத்து நிமிடம் போதும்.

சேன்தெனி_97 · ஞாயிறு, காலை 8:30

ரியூனியனிலிருந்து எழுதுகிறேன். தமிழ் வகுப்பில் கற்றது, பிழை இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றை விடுகிறீர்கள். சின்ன இடத்தில் ஆடுகிறவனுக்கு வரும் ஆபத்து வேறு. எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேரின் பழக்கமும் எனக்கு அத்துப்படி, எங்களில் யாரும் ஜேபி என்ற ஆளை ஆடுவதில்லை. ஆகவே வெளியே ஜேபி வந்தால் சிறு பிள்ளை மாதிரி நிற்பேன். என்ன செய்தேன் தெரியுமா? மெயினை (எப்போதும் ஆடும் ஆளை) மாற்றவில்லை. இரண்டு வாரம் ஜேபியையே எடுத்து ஆடினேன். அவன் எந்த இடத்தில் பயப்படுகிறான் என்று உள்ளே இருந்து தெரிந்தது. பிறகு என் சொந்த ஆளான கேமிக்குத் திரும்பினேன்.

இன்னொன்று. தொலைவும் லாக்கும் ஆளைக் கெடுத்துவிடும் என்றால் 2019-ஐ நினைத்துப் பாருங்கள். லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் அந்த ஒரே வருஷத்தில் டெக்கன் 7 என்ற இன்னொரு சண்டை கேமில் எவோ ஜப்பானையும் லாஸ் வேகாஸ் எவோவையும் ஜெயித்தார். அவர் வளர்ந்தது உள்ளூர் ஆர்கேட்களில், பக்கத்தில் உட்கார்ந்த ஆட்களோடு ஆடி. அந்த வட்டம் பெரியது, அது வேறு விஷயம். ஆனால் நேரில் ஆடும் கூட்டம் இருந்தால் கேபிள் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எபேன்_கேபிள் · ஞாயிறு, காலை 9:15

நீங்கள் சொல்வதுதான் என் வாதமும். நேரில் ஆட வழி இருந்தால் சுன் லி. ஆன்லைன் மட்டும்தான் என்றால் வேறு ஆள். ரோஸ்ஹில் அண்ணா பார்த்த ஐந்து ரீப்ளேயும் எந்தப் பிங்கில் ஆடியவை என்று அவர் சொல்லவில்லை. தம்பி, சொல்.

குர்பீப்_மழை · ஞாயிறு, காலை 9:32

நான்கு தென்னாப்பிரிக்கா. லூக் மட்டும் ஐரோப்பா.

ரோஸ்ஹில்_பழசு · ஞாயிறு, காலை 9:40

சரி, அந்த லூக் விஷயத்தில் கேபிளுக்குப் பங்கு இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். மற்ற நான்கில் இல்லை. வீண் பேச்சு வேண்டாம். தம்பி, மூன்று மணிக்கு இங்கே நாலு பேர் கூடுகிறோம். மெட்ரோவில் ஏறினால் குர்பீப்பிலிருந்து நேரே ரோஸ்ஹில். கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வா.

குர்பீப்_மழை · ஞாயிறு, இரவு 9:50

போய் வந்தேன். முதல் ஒரு மணி நேரம் தொடர்ந்து தோற்றேன். ஆனால் எபேன் அண்ணா சொன்னது உண்மைதான்: நேரில் டிரைவ் இம்பாக்ட் மெதுவாக வருவது போல் இருந்தது. இரண்டு முறை திருப்பிப் போட்டேன், வீட்டில் ஒருமுறைகூட வந்ததில்லை. கிகோகென்னை ஒன்று விட்டு, அடுத்ததை விடுவது போல நின்றுவிட்டு, குதித்து வந்தவரைக் காற்றில் உதைத்தபோது எல்லோரும் சத்தம் போட்டார்கள். ரோஸ்ஹில் அண்ணாதான் அது.

வீட்டுக்கு வந்து ஆன்லைனில் மூன்று மேட்ச் ஆடினேன், மூன்றும் தோல்வி. ஆனால் எதிரிகள் 14 முறை குதித்ததில் 6 முறை காற்றிலேயே அடித்தேன், எண்ணினேன். சுன் லியோடு இருக்கிறேன். கென்னையும் மாடர்னில் வாரத்துக்கு ஒரு நாள் ஆடுவேன், என்னை அடிப்பவன் என்ன பார்க்கிறான் என்று தெரிய.

எபேன்_கேபிள் · ஞாயிறு, இரவு 10:20

நல்லது தம்பி. ஐரோப்பாக்காரர் வந்தால் மேட்சை ஏற்கும் முன் திரையில் இணைப்புக் கோடுகளைப் பார். குறைவாக இருந்தால் மறுத்துவிடு, அதில் வெட்கமில்லை. ஆன்லைனில் ஸாங்கீஃப்தான் சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன், ஸாங்கீஃபோடு.

கத்ர்போர்ன்_நிலா · ஞாயிறு, இரவு 10:34

அடுத்த ஞாயிறு எனக்கு ஷிஃப்ட் இல்லை, நானும் வருகிறேன். ரோஸ்ஹில் அண்ணா, மாடர்னோடு முதல் மேட்ச் உங்களோடுதான்.