ஹாலிவுட்ல சின்னர்ஸ்ங்கற புதுக் கதைப் படம் ஓடிடுச்சு, சரி. அடுத்த புதுக் கதைக்கு யார் பணம் போடுவா?

கடைசிபெஞ்ச்:
சீக்வல், காமிக்ஸ் இல்லாம பெரிய படம் ஓடாதுன்னு ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சொல்லிட்டே இருந்தாங்க. 2025ல சின்னர்ஸ் 36 கோடி டாலருக்கு மேல அள்ளிடுச்சு. இனி என்ன சாக்கு?

கல்லாப்பெட்டி:
அதை எடுக்கப் பணத்தைக் கதையை நம்பியா குடுத்தாங்க? டைரக்டர் ரையன் கூக்ளர் ஏற்கெனவே பிளாக் பாந்தர்னு பெரிய ஹிட் எடுத்தவர் பாஸ். 25 வருஷம் கழிச்சுப் படத்தோட உரிமை தனக்கே வரணும்னு கேட்டார், வார்னர் ஸ்டூடியோவும் தலையாட்டிட்டாங்க. ஹிட் குடுக்காத ஆளு அதே கதையோட போயிருந்தா காபி குடுத்து அனுப்பிருப்பாங்க.

கடைசிபெஞ்ச்:
அதைத்தான் பயந்தாங்கொள்ளித்தனம்கிறேன்.

கல்லாப்பெட்டி:
பயம் இல்ல, கணக்கு. 2021ல நடிகர் மேட் டேமன் ஒரு பேட்டியில விளக்கினார். படத்துக்கு 2.5 கோடி டாலர், விளம்பரம் வகையறாவுக்கு இன்னொரு 2.5. டிக்கெட் காசுல பாதி தியேட்டருக்குப் போயிடும். 10 கோடி வசூலானாத்தான் போட்டது திரும்பும். முன்னெல்லாம் விட்டதை டிவிடி மீட்டுக் குடுத்துச்சு. இப்ப அதுவும் போச்சு. உங்க காசா இருந்தா போடுவீங்களா?

ஏரியாபிசினஸ்:
ஸ்டூடியோவை விடுங்க. வெளியில பணம் திரட்டப் போனா முதல் கேள்வியே "யார் நடிக்கறா?" அந்தப் பேரை வச்சு கான் திரைப்பட விழாச் சந்தையில ஜெர்மனி, ஜப்பான்னு நாடு நாடா எம்ஜி, அதாவது படம் ஓடினாலும் ஓடாட்டியும் தர்ற குறைந்தபட்சத் தொகை, பேசணும், அந்த ஒப்பந்தத்தைக் காட்டி பேங்க்ல கடன் வாங்கணும். படம் முடிஞ்சு கைக்கு வரும்னு ஒரு கம்பெனி பாண்ட், அதாவது உத்தரவாதப் பத்திரம், வேற குடுக்கணும். நம்ம ஊர்ல ஏரியா ஏரியாவா படத்தை விக்கற வியாபாரமேதான், பேப்பர் மட்டும் ஜாஸ்தி. ஒரு செங்கல் உருவினா மொத்தமும் சரியும்.

டல்லஸ் பையர்ஸ் கிளப்னு ஒரு படம். 1992ல ஆரம்பிச்ச கதை, படம் வந்தது 2013ல. ஷூட்டிங் நெருங்கறப்ப பணம் கழண்டுக்குச்சு, அதுக்குள்ள ஹீரோ எலும்பும் தோலுமா இளைச்சாச்சு! மேக்கப்புக்கு மொத்தமே 250 டாலர். கடைசியில அந்த மேக்கப்புக்கே ஆஸ்கர்.

கல்லாப்பெட்டி:
காட்ஃபாதர் எடுத்த கொப்போலாவைச் சொல்ல மாட்டீங்களே? ஒயின் சொத்துல ஒரு பங்கை வித்து 12 கோடி டாலரை மெகலோபோலிஸ்ங்கற தன் புதுக் கதைப் படத்துல கொட்டினார். 1.5 கோடிகூடத் திரும்பல. ஸ்டூடியோக்கள் ஒதுங்கினது தப்பா?

கடைசிபெஞ்ச்:
அது வந்து சரியா ஒரு வாரத்துல ஜோக்கர் ரெண்டாம் பாகம் வந்து மண்ணைக் கவ்வுச்சே. செலவு கிட்டத்தட்ட 20 கோடி. அதுக்காக "இனி சீக்வலே வேணாம்"னு யாராவது சொன்னாங்களா? புதுக் கதை விழுந்தா மட்டும் புதுக் கதைங்க எல்லாத்துக்கும் சேர்த்துக் கருமாதி.

கல்லாப்பெட்டி:
ம்ம்... அது நியாயமான கேள்விதான். ஆனா சின்னதா எடுக்கறதை யார் தடுத்தா? அனோரா படத்தோட செலவு 60 லட்சம் டாலர்தான். அஞ்சு ஆஸ்கர்.

ஏரியாபிசினஸ்:
அதை எடுத்த ஷான் பேக்கரே, ஆஸ்கருக்குச் சில நாள் முன்ன சின்ன பட்ஜெட் சுயாதீனப் படங்களுக்குக் குடுக்கற ஸ்பிரிட் விருது மேடையில புலம்பினார். ஒரு படத்துக்கு மூணு வருஷம் ஆகுது, அத்தனை வருஷம் வருமானம் இல்லாம எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு. ஜெயிச்சவர் நிலைமையே இது.

கல்லாப்பெட்டி:
அந்தப் பேச்சை நான் பார்க்கல. லிங்க் இருந்தா போடுங்க.