டியூப் போட்டிருந்தும் அப்பாவுக்கு மூத்திரம் முட்டுகிறது

கேள்வி:
அப்பாவுக்கு 71 வயது. புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து யூரின் டியூபோடு வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. மணிக்கொரு தரம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு "முட்டுதுடா, பாத்ரூம் கூட்டிட்டுப் போ" என்கிறார். இரண்டு நிமிடம் சுருட்டிப் பிடித்து விட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் டியூபைச் சுற்றி ஒழுகி வேட்டி நனைகிறது. டியூப் சின்னதோ? பெரிசாக மாற்றச் சொல்லலாமா?

பதில் 1:
தம்பி, யூராலஜி வார்டில் நர்சாக இருந்தவள் நான். பெரிய டியூப் போட்டால் எரிச்சல்தான் கூடும். டியூப் நழுவாமல் இருக்க உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் ஒன்று இருக்கிறது. சாதாரணமாக 10 மில்லி. இந்த ஆபரேஷனுக்கு 30 மில்லியோ அதற்கு மேலோ நிரப்புவார்கள். சிறுநீர்ப்பையின் வாயில் அது உட்கார்ந்து உரச, வெளியே தள்ளச் சிறுநீர்ப்பை முறுக்கிக்கொள்ளும். ஒழுகுவதும் அதனால்தான். டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா? டியூபோடு தொங்கும் பையில் மூத்திரம் இறங்குகிறதா? வெளிக்குப் போனாரா?

கேட்டவர்:
நன்றாக இறங்குகிறது, லேசான ரோஸ் நிறம். காய்ச்சல் இல்லை. வெளிக்குப் போகவே இல்லை, நாலு நாளாச்சு. பை கட்டில் கம்பியில் தொங்குகிறது, புரண்டால் இழுக்கிறது. காபி மட்டும் நாளைக்கு நாலு டம்ளர்!

பதில் 2:
என் மாமனாருக்கும் இதே கதை. மலம் கட்டி நின்றால் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். முக்கினாலோ ரத்தம் வரும். டாக்டரிடம் கேட்டு மலமிளக்கி கொடுங்கள். காபியும் சிறுநீர்ப்பையை உசுப்பிவிடும்.

பதில் 1:
ஆமாம். டியூபைக் கொஞ்சம் தொய்வு விட்டுத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். முறுக்கலை அடக்க ஆக்ஸிபியூட்டினின் மாதிரி மாத்திரைகள் உண்டு. நீங்களாக வாங்காதீர்கள், மலச்சிக்கலைக் கூட்டும், வயதானவர்களுக்குச் சமயத்தில் புத்தித் தடுமாற்றமும் வரும். மூத்திரம் இறங்குவது நின்று வயிறு உப்பினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அதற்கும், குளிர்காய்ச்சலுக்கும், கெட்டியான சிவப்புக்கும் உடனே ஆஸ்பத்திரி. டியூபை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
டாக்டர் போனிலேயே சிரப் சொன்னார். இன்று காலை வெளிக்குப் போய்விட்டார். டியூபையும் ஒட்டியாச்சு. நேற்று ராத்திரி இரண்டே தரம்தான் முட்டியது. காபியை ஒரு டம்ளராக்கியதற்கு என்னோடு பேசாமல் இருக்கிறார்.